மாற்றுச் சிறுநீரகமும் மாறாத அறிவுரையும்

சிறுநீரக மாற்றைப் பற்றித் தமிழ்நாட்டில் யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு உறுப்புக் கொடையில் தொடங்கி ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று குறிக்கப்படும் அறுவை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. உறுப்பு வணிகத்துக்குக் கடிவாளமிட 1994-இல் மத்திய சட்டம் வந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை மாநில அரசு 2008-இல் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த செய்தி வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 2023 முதல் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் இவ்வளவும் சிறுநீரகம் வந்து சேர்வதன் வரலாறு. வந்து சேர்ந்ததைப் பல ஆண்டுகள் காப்பாற்ற வேண்டியவர், அதை அடிவயிற்றில் சுமந்துகொண்டு ஊருக்குப் பஸ் ஏறும் நோயாளி.

அவருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம், அந்தக் கல்வி வேலை செய்கிறதா என்பதே இங்கே கேள்வி. எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். சொல்லப்படும் செய்தி சரியானதா? கற்றுக்கொள்ளக்கூடிய நேரத்தில், கற்றுக்கொள்ளக்கூடிய முறையில் சொல்லப்படுகிறதா? நோயாளி வாழும் ஊருக்கு அது பொருந்துகிறதா? மூன்றாவதைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றி அமைந்த அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் மாற்று அறுவைக்குப் பேர்போன வேலூர் 80 கிலோமீட்டருக்கு மேல். சென்னை ஏறக்குறைய 190. புதுச்சேரி ஜிப்மர் 100-க்கு மேல். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவருக்கு இந்த ஊரில் வீடு என்று வைத்துக்கொண்டு, மருத்துவமனை சொல்லும் ஒவ்வொரு விதியையும் அவர் வாசலில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதல் அளவுகோலில் குறை சொல்ல அதிகம் இல்லை. உடல் புதிய சிறுநீரகத்தை அந்நியமாகவே பார்க்கும். எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்க வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். பெரும்பாலானோருக்கு டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரட்னிசோலோன் என்ற மூன்று. இவற்றில் டாக்ரோலிமஸுக்கு இடைவெளி மிகக் குறுகல்: ரத்தத்தில் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும், கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் வழக்கமான மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல், சிறுநீர் குறைவு, கால் வீக்கம், திடீரென எடை கூடுவது, தையல் பக்கம் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொல்கிறார்கள். பிரஷரையும் சுகரையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; டாக்ரோலிமஸும் பிரட்னிசோலோனும் புதிதாகவே சர்க்கரை நோயைக் கொண்டுவரக்கூடியவை. இதில் ஒரு வரிகூடத் தவறில்லை, தேவையற்றதும் இல்லை.

சிக்கல் இரண்டாம் அளவுகோலில் தொடங்குகிறது. இந்தப் பாடம் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகும் நாளை ஒட்டிச் சொல்லப்படுகிறது. கேட்பவரின் நிலை என்ன? தையல் ஆறவில்லை. பிரட்னிசோலோன் அதிக அளவில் போவதால் தூக்கம் கெட்டிருக்கும். டாக்ரோலிமஸால் கைவிரல் நடுங்கும். பிழைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியும், கொடுத்தவர் பக்கத்து வார்டில் கிடக்கிறாரே என்ற கவலையும் ஒன்றாக மனத்தை அடைத்திருக்கும். அந்த நேரத்தில் இருபது முப்பது விதிகளைச் சொல்லி, ஒரு கையேட்டையும் கொடுத்து, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் யாரானாலும் ‘புரிஞ்சுதுங்க’ என்றுதான் சொல்வார்கள். அது மரியாதைக்காகச் சொன்ன பதில். பாடம் ஏறியது என்பதற்குச் சான்றாகாது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். இவர் பழைய பாடத்தை மறக்கவும் வேண்டும். டயாலிசிஸில் இருந்த காலமெல்லாம் தண்ணீரை அளந்து குடி, தாகத்தை அடக்கு, பழத்தைத் தொடாதே என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அதே துறையினர் நன்றாகத் தண்ணீர் குடி என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பயந்து பயந்து பழகிய நாக்கு ஒரே நாளில் மாறாது. வெயில் கொளுத்தும் திருவண்ணாமலைச் சித்திரையில், பழைய பழக்கத்தில் அரைச் சொம்போடு நிறுத்திக்கொள்பவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறும். ஏறியதும் ‘சொன்ன பேச்சைக் கேட்கவில்லை’ என்று அவர் மேல் பழி விழும். அவர் பேச்சைக் கேட்டார். முன்பு சொன்ன பேச்சை.

இதே துறையில் இதைவிட நன்றாக நடக்கும் ஒரு கல்வி இருப்பதுதான் வியப்பு. வயிற்றில் குழாய் பொருத்தி, திரவப் பைகளை மாற்றி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையில், நோயாளியோ வீட்டார் ஒருவரோ கைகழுவுவது முதல் பையை இணைப்பது வரை பல நாள் நர்ஸ் முன்னிலையில் செய்து பழக வேண்டும். பிழையில்லாமல் செய்து காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். கிருமி உள்ளே போனால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும் என்ற ஆபத்து கண்ணுக்குத் தெரிவதால் இந்தக் கண்டிப்பு. மாற்றுச் சிறுநீரகத்தில் ஆபத்து மெதுவாக வருகிறது; ஆகவே வாய்ச் சொல்லோடு விட்டுவிடுகிறோம். பைக்கு உள்ள தேர்வு மாத்திரைக்கு இல்லை.

மாத்திரைக்கும் தேர்வு வைக்க முடியும். டாக்ரோலிமஸ் காப்ஸ்யூல் 0.5, 1, 5 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. புள்ளியைக் கவனிக்காவிட்டால் அரைக்குப் பதில் ஐந்து, பத்து மடங்கு. கொள்முதலில் கம்பெனி மாறும்போது அட்டையின் நிறமும் மாறலாம். நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் காண்பவர் தடுமாறுவார். மேசையில் அட்டைகளைப் பரப்பி, ‘ராத்திரிக்கு உள்ளதை எடுத்துக் காட்டுங்கம்மா’ என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். ‘ஐயா, நாளைக்கு விடியக்காலை பஸ்ஸில் வேலூருக்கு வர்றீங்க, மாத்திரையை எப்போ போடுவீங்க, நீங்களே சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். வழக்கம்போல் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்தால் ஆபத்து. ஒரு நாள் பயணத்தையும் ஒரு பரிசோதனையையும் வீணாக்காமல் காக்கும் கேள்வி இது; கேட்பதற்குச் செலவில்லை.

மூன்றாம் அளவுகோலுக்கு வருவோம். ‘கூட்டத்தைத் தவிருங்கள்’ என்பது எல்லாக் கையேட்டிலும் உள்ள வரி. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலுக்கு அது நியாயமான எச்சரிக்கை. அதை அடி அண்ணாமலையில் வாசித்துப் பாருங்கள். மாதந்தோறும் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடந்து போகிறார்கள். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, அது வாசலுக்கு வரும். பாதையோரம் டீக்கடையோ இளநீர்க் கடையோ வைத்திருப்பவருக்குப் பௌர்ணமி இரவுதான் மாதத்தின் பெரிய வரும்படி. கூட்டத்தைத் தவிர் என்றால் அவர் காதில் விழுவது கடையை மூடு என்பதுதான். மூட முடியாதவர் அந்த விதியை மீறுவார். ஒன்றை மீறியவருக்கு அடுத்த விதியும் இளகித் தெரியும். மாறாக, முதல் சில மாதங்கள் மட்டும் வீட்டார் கடையைப் பார்க்கட்டும், அப்புறம் முகக்கவசத்தோடு காற்றோட்டமான பக்கம் உட்காருங்கள், இருமுகிறவர் வந்தால் நகர்ந்துகொள்ளுங்கள், தடுப்பூசியில் எதைப் போடலாம், உயிருள்ள கிருமி கலந்த எதைப் போடக் கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொன்னால் அது கடைப்பிடிக்கக்கூடிய பேச்சு.

பௌர்ணமிக்கு இன்னொரு முகமும் உண்டு. அன்று பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு. பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று கையேடு சொல்கிறது. பௌர்ணமி இரவு பத்து மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து எந்த வழியாக வருவது? பரிசோதனைத் தேதி பௌர்ணமியில் விழுந்தால் மாற்றிக்கொள்ளலாமா? கையில் ஒரு வார மருந்து உபரியாக இருக்கிறதா? நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. தொலைவில் அச்சான கையேட்டில் இவற்றுக்கு இடமிருக்காது. பாதையோர அன்னதானம், வெறுங்காலோடு வலம் வருதல், பிரதோஷ விரதம் எல்லாம் இப்படித்தான். சூடாகப் பரிமாறிய சாதம் வேறு, திறந்து வைத்த சட்னி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறும் ஒருவகைப் புழு, பிரட்னிசோலோன் எடுப்பவர் உடலில் கட்டுமீறிப் பெருகலாம் என்பதால் செருப்பைக் கழற்றாதீர்கள் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சோற்றைத் தவிர்க்கும் விரதம் பற்றிப் பேசலாம், தண்ணீரையும் மாத்திரையையும் தவிர்க்கும் விரதத்துக்கு இடமில்லை என்று எல்லை வகுக்க வேண்டும்.

மூலிகை விஷயம் இன்னும் நுட்பமானது. கிரிவலப் பாதையில் மூலிகைச் சாறும் சூப்பும் விற்கும் கடைகள் ஏராளம். சிறுநீரகம் என்றதுமே வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்று உறவினர் ஆளுக்கொன்று சொல்வார்கள். கல்லடைப்புக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பொருந்தாது. டாக்ரோலிமஸே பொட்டாசியத்தைக் கூட்டும் இயல்புள்ளது. பொட்டாசியம் மிகுந்த சாறுகள் அதன் மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பம்பளிமாஸ் போன்ற பழங்கள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்திவிடும். கொரோனா காலத்தில் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்ததை நாம் பார்த்தோம். ‘எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்பது அன்று முதல் எல்லாப் பொட்டலத்திலும் ஏறிவிட்ட விளம்பரம். மற்றவருக்கு ஆசை காட்டும் அந்தச் சொல் இவருக்கு அபாய அறிவிப்பு. எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் இவர் மூன்று மாத்திரை விழுங்குகிறார். ‘நாட்டு மருந்து கூடாது’ என்று மொத்தமாக அதட்டினால் மறைத்துச் சாப்பிடுவார்கள். இந்த ஒரு முரணை விளக்கினால் பொட்டலத்தை அவரே திருப்பி வைத்துவிடுவார்.

நாட்டு மருந்துக் கடையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பைத் தப்பவிடக் கூடாது. முழங்கால் வலிக்குச் சீட்டில்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். படைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல், இட்ராகோனசோல் டாக்ரோலிமஸை உயர்த்தும். சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை அதலபாதாளத்துக்கு இறக்கும். காசநோய் மலிந்த நாட்டில், எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அந்த மருந்து தேவைப்படுவது அரிய நிகழ்வல்ல. ஆகவே நோயாளி பழக வேண்டிய ஒரே வாக்கியம்: ‘எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு, இந்த மருந்து சேருமான்னு என் ஆஸ்பத்திரியைக் கேட்டுட்டுக் கொடுங்க.’ உள்ளூர் டாக்டரிடம் இதைச் சொல்ல நம் ஊரில் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை எந்தக் கையேடும் தராது. மருத்துவமனையின் கடிதம் ஒன்றும், எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்றும் தரும்.

கற்பித்தால் சிறுநீரகம் உண்மையிலேயே அதிக காலம் உழைக்கிறதா? இங்கே ஆர்வக்கோளாறு கூடாது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களிடம் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு ஏழு மடங்கு என்றும், இழப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதோடு தொடர்புள்ளது என்றும் கணித்தது. சிக்கல் பெரியது என்பதற்கு இது சான்று. தீர்வுக்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் எட்டு மையங்களில், 11 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், மின்னணு மாத்திரைப் பெட்டி, குறுஞ்செய்தி நினைவூட்டல், பயிற்சியாளருடன் உரையாடல் எல்லாம் கொடுத்தார்கள். மருந்து எடுக்கும் ஒழுங்கு கூடியது. ஆனால் ரத்தத்தில் டாக்ரோலிமஸின் ஏற்ற இறக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கற்பித்தல் நடத்தையை மாற்றுகிறது. அந்த மாற்றம் சிறுநீரகத்தின் ஆயுளாகக் கனிகிறதா என்பதை இத்தகைய சோதனைகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. நினைவூட்டும் செயலி ஒன்றை விட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. ‘தன்னைத்தானே பார்த்துக்கொள்’ என்பது, செய்ய வேண்டிய வேலையை நோயாளி தலையில் கட்டும் தந்திரம் இல்லையா? சில இடங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, சிறுநீரகம் பழுதானதால் மட்டுமே அதில் சேர்ந்தவர்களுக்கு, மாற்று முடிந்து 36 மாதங்களோடு மருந்துச் செலவை நிறுத்தியது. மருந்து வாங்க வழியில்லாமல் சிறுநீரகத்தை இழந்தவர் மறுபடி டயாலிசிஸுக்கு வந்தால் அதற்குப் பணம் கொடுத்தது! 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரியில்தான் அந்த மடமை நீங்கியது. அதுவரை அங்கே சொல்லிக்கொடுத்த சுயபராமரிப்புப் பாடங்கள் மூன்றாண்டுக்குப் பின் பலருக்குக் காசில்லாத பாடங்கள். இந்த இடத்தில் தமிழ்நாடு தலைநிமிரலாம். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தொடர் மருந்தும் இலவசம். ஆனால் மருந்து இலவசம் என்பதும் மருந்து கைக்கு எட்டுகிறது என்பதும் ஒன்றல்ல. மாதம் ஒருமுறை வேலூருக்கோ சென்னைக்கோ போய்வரும் பஸ் செலவும் இழந்த நாள் கூலியும் அந்த இலவசத்தின் மறைமுக விலை.

இந்த இடைவெளியை அடைக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு டயாலிசிஸ் பைகளையும் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தது. கனமான திரவப் பை வீடு வரும் வழியில் இலகுவான மாத்திரை அட்டை வர முடியாதா? உள்ளூர்ப் பெண்களால் சிறுநீரகப் பணி செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கும் இங்கேயே பதில் உண்டு. டாக்டர் எம். கே. மணியின் சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளை, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்க்கவும் ரத்த அழுத்தம் அளக்கவும் செய்தது. மலிவான மருந்துகளைக் கொண்டே கிராம அளவில் சிறுநீரக நோயைத் தடுக்க முடியும் என்று காட்டியது. அது வருமுன் காக்கும் வேலை. இது வந்தபின் காக்கும் வேலை. இரண்டுக்கும் வேண்டிய கைத்திறன் ஒன்றே.

இதற்கும் எல்லை உண்டு. டாக்ரோலிமஸ் அளவை, இப்படி வீடு தேடி வரும் தன்னார்வலர் தொடக்கூடாது. அது மாற்று மையத்தின் வேலை. எடை, பிரஷர், காய்ச்சல், மாத்திரை எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து, மாறுதல் கண்டால் மையத்தைக் கூப்பிடுவது மட்டுமே அவர் பொறுப்பு. ஏற்கெனவே வேலை குவிந்திருப்பவர் மேல் இன்னொரு சுமை என்ற முறையீடும் நியாயமானது. ஊதியம் கூட்டாமல் வேலை கூட்டினால் திட்டம் ஏட்டளவில் நிற்கும். தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மணமாகாத பெண்ணுக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது என்ற செய்தி அடி அண்ணாமலையிலும் பரவ நேரமாகாது; வாசலுக்கு ஆள் வருவதா வேண்டாமா என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும், கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே அதை மாற்ற வேண்டும் என்ற செய்தியை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தனியாகச் சொல்லப்பட வேண்டிய பாடம் அது. பாடமே இல்லாமல் போகிறவரும் ஒருவர் உண்டு: சிறுநீரகத்தைக் கொடுத்த தாயோ மனைவியோ. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அவருக்கும் ஆண்டுதோறும் பிரஷரும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். நோயாளியைத் தேடி வரும் கண் அவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இனித் தீர்ப்பு. நம் மாற்று மையங்கள் சொல்லும் செய்தி தேறுகிறது. சொல்லும் முறை தேறவில்லை. ஊருக்குப் பொருத்துவதில் முயற்சியே தொடங்கவில்லை. சுயபராமரிப்புக் கல்வி தேவைதான், ஆனால் தனியாக நின்று சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்பதற்குச் சான்று போதாது. அருகிலேயே கிடைக்கும் மருந்து, எடுக்கப்படும் தொலைபேசி, வாசலுக்கு வரும் கண் ஆகிய மூன்றோடு சேர்ந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. அவை இல்லாமல் கொடுக்கப்படும் கல்வி, பின்னால் நோயாளியைக் குற்றம் சாட்ட முன்கூட்டியே எழுதி வாங்கிய சம்மதம். ஆகவே முதல் மாற்றம் மையங்களில் வர வேண்டும்: கேட்டார் என்பதற்காக அல்ல, செய்து காட்டினார் என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும், ஓராண்டிலும் அவர் ஊரின் நாட்காட்டியை முன்னால் வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டாவது அரசிடம்: இத்தனை கொடை, இத்தனை அறுவை என்று அறிவிக்கும் அதே மேடையில், ஐந்தாண்டுக்கு முன் பொருத்தியவற்றில் எத்தனை இன்றும் வேலை செய்கின்றன என்பதை மாவட்டவாரியாகச் சொல்லுங்கள். அந்த எண்ணில் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே வேறுபாடு இருந்தால், திருத்த வேண்டியது நோயாளியின் ஒழுக்கத்தை அல்ல, 80 கிலோமீட்டர் தொலைவை.